இறக்கக்கண்டி பஸ்ஸில் நான் சொன்ன பொய்கள்

1

இரண்டு கிழமைக்கு முன்பு என் மகள் மாயா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள். நீச்சல் பயிற்சிக்குப் பக்கத்து ஊருக்கு, நாற்பது நிமிடப் பயணம், பஸ்ஸில் தனியே போய்வரப் பெற்றோர் சம்மதிக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அவளுக்குப் பதினொரு வயது. நாங்கள் இருக்கும் இந்த நோர்வேச் சிற்றூரில் அது பெரிய வயது. ஏழு வயதுப் பிள்ளைகள் வீட்டுத் திறப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாத இருட்டில், பனிக்குள்ளால் தனியே நடந்து பள்ளிக்குப் போகும். தாய்மார் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு கடைவாசலில் உறங்க விட்டுவிட்டு உள்ளே இருந்து கோப்பி குடிப்பார்கள். இங்கு வந்த முதல் வருடம் அப்படி ஒரு வண்டியைக் கண்டு, யாரோ பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, அதற்குப் பக்கத்தில் இருபது நிமிடம் காவல் நின்றேன். தாய் வெளியே வந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நானும் அவளை அப்படித்தான் பார்த்தேன்.

"கையெழுத்தை வையுமன். மற்றப் பிள்ளையள் போகுதுகள்தானே," என்றார் கணவர் ரவி. அவர் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறார். நான் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில்.

நான் மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். அதைத் தொலைபேசியில், திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் அண்ணியிடம் சொன்னபோது அவருக்கு நம்ப ஏலாமல் போனது.

"ஆர், நீயோ? நீயே வைச்சனீ? பஸ்ஸுக்கோ?"

போன ஆடி மாதம் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அதைத்தான் எழுதப் போகிறேன். உங்களில் சிலருக்கு அந்த பஸ் பாதை நன்றாகத் தெரிந்திருக்கும். சிலர் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்தும் இருப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

2

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று விளங்காது.

மாயாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, குளிர் சட்டையும் போடாமல் வெளியே ஓடினாள். "இனி இப்பிடி ஓடினியெண்டால் அடிச்சுக் காலை முறிப்பன்," என்று கத்தினேன். என் அம்மா எனக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொன்ன வசனம். என் கால்கள் இரண்டும் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

அடுத்தநாள் வகுப்பில் ஆசிரியை, வீட்டில் அம்மா கோபம் வந்தால் என்ன சொல்லுவா என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். மாயா அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் நோர்வே மொழியில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்த மொழியில் அது ஏச்சாகக் கேட்காது. ஒரு தாய் நேரம் பார்த்துச் செய்யப்போகும் காரியமாகத்தான் கேட்கும்.

நான்கு நாளில் சிறுவர் நலப் பகுதியில் இருந்து கடிதம் வந்தது. பிள்ளையைத் தாயிடம் இருந்து எடுத்துவிடக்கூடியவர்கள் அவர்கள். பிறகு இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். மிகவும் மரியாதையானவர்கள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பிள்ளை எங்கே படுக்கிறாள் என்று கேட்டார்கள். என்னோடுதான் என்றேன். எழுதிக்கொண்டார்கள். யார் சாப்பாடு கொடுப்பது என்று கேட்டார்கள். நான் ஊட்டிவிடுவேன் என்றேன், பெருமையாக. அதையும் எழுதிக்கொண்டார்கள். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் ஐந்து நிமிடம் அழுது அழுது சொன்னதை அவர் ஒரு வசனத்தில் முடித்தார். என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒருவர் மாயாவின் முன்னால் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, "அம்மாவோடு இருக்கும்போது உனக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா?" என்று கேட்டார். நான் குசினிக் கதவோடு நின்றுகொண்டிருந்தேன். மாயா சீலிங்கைப் பார்த்து யோசித்தாள். அவள் எதைக் கேட்டாலும் சீலிங்கைப் பார்த்துத்தான் யோசிப்பாள். ஆனால் அந்த யோசனை முடிவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆறு கிழமைக்குப் பிறகு இரண்டு வரியில் ஒரு கடிதம். மேற்கொண்டு எதுவும் செய்யக் காரணமில்லை என்று இருந்தது.

அன்றிலிருந்து நான் வீட்டில் தமிழில் ஏசுவதை நிறுத்தினேன். ஏச வேண்டி வந்தால் நோர்வே மொழியில், மெல்லிய குரலில், "இப்படிச் செய்வது நல்லதென்று நினைக்கிறாயா, மாயா?" என்று கேட்பேன். ஏசுவது நின்றதும் கொஞ்சுவதும் எப்படியோ குறைந்தது. மாயாவும் மெல்ல மெல்லத் தமிழில் பதில் சொல்வதை விட்டாள். விளங்கும், பேசமாட்டாள். அவள் வகுப்பில் என்ன சொல்கிறாள், டயறியில் என்ன எழுதுகிறாள், பாட்டுப் படிக்கும்போது ஏன் நான் வந்ததும் நிறுத்துகிறாள் என்று நான் கவனிக்கத் தொடங்கினேன். சொந்தப் பிள்ளையைச் சாட்சிக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு இரண்டு வருடம் வாழ்ந்தேன்.

3

போன ஆடியில் நானும் மாயாவும் மட்டும் திருகோணமலைக்குப் போனோம். ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணா கட்டாரில் வேலை செய்வதால் உப்புவெளி வீட்டில் அண்ணி தனியே இருந்தார்.

மேற்கில் இருந்து வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாயாவுக்கு முதல் இரண்டு நாள் மூக்கால் இரத்தம் வந்தது. ஆனால் வெக்கையைவிட அவளைத் திணறடித்தது மனிதர்களின் கைகள். கடைக்குப் போனால் கடைக்காரர் கன்னத்தைக் கிள்ளினார். கோயிலில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவளுடைய தலைமயிரைப் பிடித்துப் பார்த்து, "எண்ணெய் வைக்கிறேல்லையோ?" என்று என்னைக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக் கேள்வியில்லாமல் அவளைத் தூக்கி மதிலில் இருத்தி, அங்கே ஆடுமாடுபோலத் தெருவில் திரியும் மான்களைக் காட்டினார். மாயா விறைத்துப்போய் இருந்தாள். அவள் உடம்பு அவளுடையது, அவளைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்று அவளுக்குப் பள்ளியில் படிப்பித்திருக்கிறார்கள். அதன்மேல் நான் என் பங்குக்குச் சேர்த்து வைத்திருந்தேன். தெரியாதவர் கையால் எதையும் வாங்கிக் குடிக்காதே. பையைக் கையில் இருந்து விடாதே. வெளிநாட்டில் இருந்து வந்தது என்று சொல்லாதே.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கைத்தொலைபேசியில் இருந்துதான். புலம்பெயர்ந்த தாய்மார் குழு ஒன்றில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், பாஸ்போட்டைப் பறிக்கிறார்கள் என்று நாளுக்கு நாலு செய்தி வரும். யாருக்கு நடந்தது, எங்கே நடந்தது என்று ஒருவரும் எழுதமாட்டார்கள். எழுதாததால் எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒருநாள் மாயா இறக்கக்கண்டிப் பாலத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். அங்கே களப்பு கடலோடு சேருமிடத்தில் வள்ளங்கள் வரிசையாக நிற்பதை யாரோ போட்ட படத்தில் கண்டிருக்கிறாள். அண்ணி தனக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் வந்ததும், "அக்கா வராட்டிலும் பறவாயில்லை, பிள்ளைக்கு நான் காட்டிக்கொண்டு வாறன்," என்று சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் தனியே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்?

"நாங்கள் பஸ்ஸிலை போறம்," என்றேன்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் அண்ணி. "இந்த வெய்யிலுக்கை?"

பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள், நாற்பது பேருக்கு முன்னால் ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது என்பது என் கணக்கு.

பஸ்ஸில் எங்களுக்கு அடுத்த வரிசையில் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். நீல முக்காடு. மடியில் துணிக்கடைப் பை. மாயாவைப் பார்த்துச் சிரித்தார். மாயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்கேருந்து வாறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"கொழும்பிலையிருந்து," என்றேன். யோசிக்கவே இல்லை. வாயில் இருந்து தானாக வந்தது.

"புள்ளைக்கு என்ன பேர்?"

"அனுஷா."

"வடிவான பேர். புள்ளைட வாப்பா வரல்லியா?"

"அவர் இறக்கக்கண்டியிலை பாத்துக்கொண்டு நிக்கிறார்."

மூன்று கேள்வி, மூன்று பொய். அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தார். நான் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். என் பக்கத்தில் மாயாவின் முகம் சிவந்திருந்தது. வெய்யில் என்றுதான் நினைத்தேன். அவளுக்குத் தமிழ் விளங்கும் என்பதை அந்த நேரம் மறந்துபோனேன்.

4

நிலாவெளியில் பஸ் நின்றது. பின்பக்கத்தில் யாரோ ஏற்றிவந்த அரிசி மூட்டைகளை இறக்கினார்கள். மாயா ஜன்னலில் தலையைச் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். தண்ணீர்ப் போத்தல் முடிந்திருந்தது. தாகமாக இருக்கிறது என்று முனகினாள். வாந்தி வரும்போலவும் இருக்கிறது என்றாள்.

கடை பஸ்ஸுக்குப் பின்னால், பத்து அடி தூரத்தில் இருந்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கொண்டக்டரைக் கேட்டேன்.

"தம்பி, பஸ் கொஞ்சம் நிக்குமோ?"

"ஓம் அக்கா, அஞ்சு நிமிசம் நிக்கும்."

நீல முக்காட்டுப் பெண்ணிடம் "பிள்ளையை ஒருக்காப் பாருங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளை தனியே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பையை மாயாவின் மடியில் வைத்து, அவள் கையை அதன் வாரில் சுற்றிவிட்டு இறங்கினேன்.

கடைக்காரர் குளிர்ப்பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்து என் கையில் தரும்போது பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. போகலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். நான் திரும்பியபோது பஸ் உருளத் தொடங்கியிருந்தது. கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு கழன்றது. தான் கிளப்பிய புழுதிக்குள் பஸ் மறைந்தது. என் கையில் தண்ணீர்ப் போத்தல். தொலைபேசி, பாஸ்போட்டுகள், பிள்ளை, எல்லாம் பஸ்ஸில்.

பஸ் போன திசையில் இருபது நிமிடம் ஓடியும் நடந்தும் போன பிறகுதான் வீதியோரத்தில் ஓட்டோ ஒன்றைக் கண்டு பாய்ந்து ஏறினேன். ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் சொன்னதில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. "பயப்பிடாதீங்கோ அம்மா, பஸ் இறக்கக்கண்டியிலைதான் திரும்பும்," என்றபடி ஓட்டினார். ஓட்டிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார்.

"ஓம் மச்சான், ஒரு பொம்பிளைப் பிள்ளை. ஓம், தனிய. பாத்து வை. நான் வாறன்."

யாரிடம் பேசுகிறார்? எதற்குப் பாத்து வைக்கச் சொல்கிறார்? குதித்துவிடலாமா என்று வீதியைப் பார்த்தேன். அவர் இறக்கக்கண்டித் தரிப்பில் நிற்கும் இன்னொரு ஓட்டோக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு அந்த மனிதரின் பிடரிகூடக் கள்ளப் பிடரியாகத் தெரிந்தது.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதே பஸ் எதிரே வந்தது. ஓட்டோக்காரர் ஹோர்னை விடாமல் அடித்து அதை மறித்தார். ஓடிப்போய் ஏறினேன். எங்கள் இருக்கையில் கூடையோடு வேறு யாரோ இருந்தார்கள்.

"பிள்ளை எங்கை?"

கொண்டக்டரின் முகம் வெளிறியது. "அக்கா, நீங்க பின்னால ஏறிட்டீங்க எண்டு நினைச்சன். புள்ள எழும்பி அழத் தொடங்கினாப் பிறகுதான் கண்ட. உங்களுக்குக் கிட்ட இருந்த தாத்தா கூட்டிட்டுப் போயிட்டா."

அங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். எனக்குத் தெரிந்த சொல்தான். அந்த நேரம் அதுவும் உடனே பிடிபடவில்லை.

"எந்தத் தாத்தா?"

"நீல முக்காடு போட்டவ."

"அவ ஆர்? வீடு எங்கை?"

"பாலத்தடியில இறங்கினவ. பேர் தெரியா."

"தெரியாத ஆளிட்டை எப்பிடிப் பிள்ளையைக் குடுத்தனீர்?" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "நான் பஸ்ஸிலேயே வெச்சிட்டுத் திரும்பக் கொண்டுவாற எண்டுதான் சொன்ன. அவதான் விடல்ல. அழுற புள்ளய ஆம்புளயளோட விட ஏலா எண்டு இறக்கிட்டா." பிறகு மெதுவாகச் சொன்னார். "அக்கா, புள்ளய விட்டுட்டு இறங்கினது நீங்கதானே."

5

ஓட்டோக்காரரின் நண்பர் தரிப்பில் காத்துக்கொண்டு நின்றார். "பௌசியா தாத்தாட வீடு," என்று ஒரு ஒழுங்கையைக் காட்டினார். தையல் தைப்பவராம். மூன்றாவது வீடு.

வாசலில், அதே நீல முக்காட்டோடு, பௌசியா கதிரை போட்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். வழியை விடவில்லை.

"என்ரை பிள்ளை எங்கை?"

"உள்ளுக்கு இரிக்கா. நீங்க இங்க இரிங்க."

"முதல் பிள்ளையைக் காட்டுங்கோ."

"காட்டலாம். அதுக்கு முதல் எனக்கொரு கேள்வி இரிக்கி. பஸ்ல கொழும்பு எண்டு சொன்னீங்க. புள்ள நோர்வே எண்டு சொல்லுது. அனுஷா எண்டு சொன்னீங்க. புள்ள மாயா எண்டு சொல்லுது. வாப்பா இறக்கக்கண்டியில நிக்கிறார் எண்டீங்க. அந்தத் தரிப்புல நான் கால் மணித்தியாலம் புள்ளயோட வெய்யிலுக்க நிண்டன். எந்த வாப்பாவும் வரல்ல. நீங்க ஆரு?"

"பொய்தான் சொன்னனான்."

"அதுதான் ஏன்?"

"உங்களை எனக்குத் தெரியாதுதானே. பயத்திலை சொன்னது."

"எனக்கும் உங்கள தெரியாதானே," என்றார் அவர். "எனக்கும் பயம்தான். பிழையான ஆளிட்ட புள்ளயக் கொடுத்துட்டு நான் எப்பிடி இரிக்கிற?"

ஓட்டோக்காரர் ஒழுங்கையில் இருந்தபடியே, "தாத்தா, நான் பாத்தனான், இந்த அம்மா நல்லா அழுதவ," என்றார்.

"அழ ஆருக்கும் ஏலும்," என்றார் பௌசியா.

பாஸ்போட் பைக்குள் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றேன். அடுத்தவர்களின் பையைத் திறக்கும் பழக்கம் தனக்கில்லை என்றார். அந்தப் பையை மாயா யாருக்கும் கொடுக்கவில்லையாம். தண்ணீர் கொடுத்தபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டாளாம்.

"புள்ளைக்கு உதடு காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. தண்ணியக் கண்டு பயப்புடுது. பிறகு அந்தக் கோப்பையில பாதிய நான் குடிச்சுக் காட்டினாப் பிறகுதான் மிச்சத்தக் குடிச்ச. இப்பிடி ஆரு சொல்லிக் கொடுத்த?"

சொல்லிக் கொடுத்தவள் நான்தான் என்று என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கும்.

"மாயா, இங்க வா மகள்," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

மாயா கதவடிக்கு வந்தாள். பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"இது ஆரு?" என்று பௌசியா என்னைக் காட்டிக் கேட்டார்.

மாயா நோர்வே மொழியில் ஒரு வசனம் சொன்னாள். 'அவ போயிட்டா' என்று அர்த்தம்.

"என்ன சொல்லுது?" என்று பௌசியா என்னைப் பார்த்தார்.

அந்த ஒழுங்கையில் எனக்கும் மாயாவுக்கும் தவிர அந்த மொழி ஒருவருக்கும் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். வெட்கத்தோடு எழுதுகிறேன், அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

"அம்மா எண்டு சொல்லுறாள்," என்றேன்.

"இல்லை!" என்றாள் மாயா. தமிழில். உப்புவெளிக்கு வந்த பத்து நாளில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் தமிழ்ச் சொல் அதுதான். "போயிட்டா எண்டு சொன்னன். அம்மா பொய் சொல்லுறா. பஸ்ஸிலையும் பொய். என்ரை பேர் அனுஷா இல்லை."

ஓட்டோக்காரர் இருமினார். முடிந்தது என்று நினைத்தேன். இனி பொலிசுக்குத்தான் போகவேண்டும். ரவியை அழைக்கவேண்டும். நோர்வேயில் மூடிய விசாரணைக் கோப்பை மறுபடி யாராவது திறப்பார்கள்.

பௌசியா என்னையும் மாயாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதிரையைத் தள்ளி வழியை விட்டார்.

"போங்க, புள்ளயத் தூக்குங்க," என்றார். "புறத்தியாளோட இப்பிடிக் கோவிக்காது. இது சொந்த உம்மாவோட கோவிக்கிற கோவம்."

நான் முழந்தாளில் இருந்து மாயாவைக் கட்டிப்பிடித்தேன். அவள் கைகள் பையைவிட்டு வரவில்லை. உடம்பு மட்டும் என்மேல் சாய்ந்தது. வேர்வையும் கண்ணீரும் நாறிய அந்தத் தலையை முகர்ந்துகொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு நடந்ததுதான் என்னால் இன்னும் மறக்க ஏலாதது. என் ஒரு கை அவள் முதுகில் இருந்தது. மற்றக் கை அதுபாட்டில் பைக்குள் போய்ப் பாஸ்போட்டுகளைத் தடவியது. ஒன்று, இரண்டு. தொலைபேசி. எல்லாம் இருந்தது. நிமிர்ந்தபோது பௌசியா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் இரிக்கா?" என்று கேட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"பறவால்ல. நானும் உங்கள நம்பல்லதானே." அவர் சிரிக்கவில்லை. "இன்னும் முழுசா நம்பல்ல. நீங்க நிக்கிற வீடு எங்க?"

"உப்புவெளி. அண்ணியின்ரை வீடு."

"நானும் வாறன்."

6

ஓட்டோவில் மாயாவை நடுவில் இருத்தினோம். அவளது இடக்கையை நானும் வலக்கையைப் பௌசியாவும் பிடித்திருந்தோம். நிலாவெளியைத் தாண்டினோம். ஹோட்டல் மதில்களும் பனைகளும் பின்னால் போயின. பார்க்க வந்த பாலத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவேயில்லை.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"ரெண்டு. பெரியாக்கள். ஒராள் கிண்ணியாவுல முடிச்சு இரிக்கா. மத்தவ படிக்கிறா." பிறகு அவரே சொன்னார். "இந்த ஒழுங்கையில என்ட புள்ளையள நான் தேடினதே இல்ல. ஆரோ சோறு கொடுப்பாங்க, ஆரோ ஏசுவாங்க. உங்கட ஊர்ல அப்பிடி இல்லியா?"

இல்லை என்றேன். அங்கே மற்றவர்களின் பிள்ளையைத் தொடமாட்டார்கள், ஏசமாட்டார்கள், சாப்பாடு கொடுப்பதானாலும் பெற்றோரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றேன். பிள்ளைக்கு ஏதும் நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் கடிதம் எழுதுவார்கள். பிறகு ஆட்கள் வந்து கேட்பார்கள்.

"வந்து கேக்கிற நல்லம்தானே," என்றார் பௌசியா.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாக அந்த இரண்டு பெண்களையும் நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மனுஷி இன்றைக்கு என்னிடம் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான். இவரை மட்டும் ஏன் எனக்குத் திட்ட வரவில்லை? இவர் கூடவே வருகிறார் என்பதாலோ என்னவோ. அவர்களும் எங்கள் பிள்ளைக்காகத்தான் வந்தார்களோ என்று முதன்முதலாக நினைத்தேன். நினைத்தேனே தவிர, முழுதாக ஒத்துக்கொள்ள இன்றைக்கும் மனம் வரவில்லை.

உப்புவெளியில் அண்ணி கேற்றடியில் நின்றார். என் தொலைபேசிக்கு இருபது தடவை எடுத்திருக்கிறார். அவர் வாய் திறப்பதற்குள் பௌசியா ஓட்டோவில் இருந்து இறங்கினார்.

"இந்தப் புள்ள ஆரு?"

அண்ணி திகைத்தார். "எங்கடை மாயா. ஏன்? என்ன நடந்தது?"

"இவ?"

"என்ரை மச்சாள். இவரின்ரை தங்கச்சி. நீங்கள் ஆர்?"

"சரி," என்றார் பௌசியா. அப்போதுதான் மாயாவின் கையை விட்டார். அண்ணி உள்ளே வரச்சொல்லி எவ்வளவோ கேட்டார். பிளேன்ரீ ஒன்றாவது குடியுங்கோ என்றார். பின்னேர அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று மறுத்துவிட்டார். போகும்போது மாயாவின் உயரத்துக்குக் குனிந்து, அவள் காதுக்குள் ஏதோ கேட்டார். மாயா வானத்தைப் பார்த்து யோசித்தாள். பிறகு அவர் காதுக்குள் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டி, இன்னொன்று சொன்னார். இருவரும் ஒருமுறை என்னைப் பார்த்தார்கள்.

ஓட்டோ திரும்பிப் போனது. எனக்கு மீண்டும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. என்ன கேட்டிருப்பார்? இவள் என்ன சொல்லியிருப்பாள்? என் பிள்ளையிடம் என்னைப் பற்றி என்ன ரகசியம்?

கிணற்றடியில் மாயாவுக்கு முகம் கழுவிவிடும்போது கேட்டேன். நோர்வே மொழியில், மெல்லிய குரலில்.

"அந்த அன்ரி உன்னிடம் என்ன கேட்டார்?"

அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தெரியாத ஒருவரோடு இறங்கிப் போனது நல்லதென்று நினைக்கிறாயா, மாயா?"

அவள் என் கையில் இருந்த துவாயைப் பறித்து நிலத்தில் எறிந்தாள்.

"உனக்கு அம்மாவிலை பயமோ எண்டு கேட்டவ!" என்று கத்தினாள். தமிழில்தான். பக்கத்து வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பயம் இல்லை, ஆனா அம்மா இப்பிடிச் சின்னக் குரலிலை கதைச்சாப் பயம் எண்டு சொன்னன். அப்பிடியெண்டா நீ பெரிசாக் கத்து எண்டு சொன்னவ. நான் ஏன் போனது? நீங்கள்தானே விட்டிட்டுப் போனது! நான் எழும்பிப் பாத்தன், நீங்கள் இல்லை! நீங்கள் விட்டிட்டுப் போயிட்டீங்கள்!"

குசினி வாசலில் அண்ணி அகப்பையோடு நின்றார். கடைக்குப் போனதைச் சொல்லலாம். தண்ணீர் வாங்கத்தான், உனக்காகத்தான் என்று சொல்லலாம். கொண்டக்டர் அஞ்சு நிமிடம் நிற்கும் என்றார் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். எல்லாம் வாய்வரை வந்தது.

மாயா மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன். "விட்டிட்டுத்தான் போனனான்."